சீந்தில் குடித்தவள்

யாராவது என்னிடம் வந்து, "இந்தத் தழையைக் குடிச்சா கேன்சர் பரவாதாமே" என்று ஆரம்பித்தால் எனக்கு உச்சந்தலைக்குச் சூடேறிவிடும். எழுந்து போய்விடுவேன். ஒரு கல்யாண வீட்டில் பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு எழுந்திருக்கிறேன். படித்த திமிர் என்று உறவுக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் பேசுவார்கள். பேசட்டும். அவர்கள் மேல் எனக்கென்ன கோபம்? தொண்ணூறுகளின் நடுவில் அதே பேச்சைக் கோயமுத்தூரிலிருந்து காரமடை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்த புண்ணியவதி நான்தான்.

அப்போது நான் உயிர்வேதியியலில் ஆராய்ச்சி மாணவி. வீடு கணபதியில். முன்னால் அப்பாவின் லேத் பட்டறை, பின்னால் நாங்கள். அக்கா எனக்கு ஏழு வயது மூத்தவள். பன்னிரண்டாவது முடித்ததும் அவளைக் காரமடைக்குப் பக்கத்தில் கறிவேப்பிலைத் தோட்டக்காரர் வீட்டில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். கல்லூரிக்குப் போக வேண்டுமென்று அவள் மூன்று நாள் சாப்பிடாமல் அழுதது எனக்கு ஞாபகம் இருக்கிறது. என் முறை வந்தபோது, அப்பா கையில் எடுத்த ஜாதகத்தைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டியவள் அக்கா. "இவளையாவது உடுங்கப்பா. நம்மூட்டுல ஒருத்தியாவது படிச்சுப் பெரிய ஆளாகட்டும்" என்றாள். அப்படி ஆன பெரிய ஆள்தான் நான்.

ஆராய்ச்சிக்கு நான் எடுத்துக்கொண்டது சீந்தில் கொடி. எங்கள் பக்கம் கிளுவை வேலியிலும் வேப்ப மரத்திலும் கேட்பாரற்றுப் படர்ந்து கிடக்கும். வாயில் வைத்தால் அரை மணி நேரத்துக்கு நாக்கு செத்துப்போகும், அவ்வளவு கசப்பு. அதன் தண்டை நறுக்கி, நிழலில் காயவைத்து, பொடித்து, ஆல்கஹாலில் ஊறவைத்து வற்றவிட்டால் அடியில் தார் மாதிரி ஒன்று தங்கும். அதைக் கரைத்துக் கறுப்பு எலிகளுக்கு ஊசி போடுவேன்.

எலியின் வாலை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்தால் நரம்பு புடைக்கும். அந்த நரம்பில் புற்றுச் செல்களை ஏற்றுவோம். அவை ரத்தத்தோடு போய் நுரையீரலில் ஒட்டிக்கொள்ளும். மனித உடம்பில் ஓரிடத்துப் புற்று இன்னோர் இடத்துக்குப் பரவுகிறதே, அதற்கு இது ஒரு ஒத்திகை. மூன்று வாரம் கழித்து எலியைக் கொன்று, நெஞ்சைத் திறந்து, நுரையீரலில் எத்தனை புள்ளி என்று எண்ண வேண்டும். அந்த வகைப் புற்று கறுப்பாகவே வளரும். கடுகைச் சிந்தியது போல இருக்கும். எண்ணுவதற்கு ரொம்பச் சௌகரியம் என்று என் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அந்த வரியை இப்போது பார்த்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

செல்களை ஏற்றிய அன்றைக்கே சீந்தில் கொடுக்க ஆரம்பித்த எலிகளுக்குப் புள்ளிகள் குறைந்தன. உண்மையாகவே குறைந்தன, அதில் பொய் இல்லை. ஆனால் பத்து நாள் கழித்து, செல்கள் ஒட்டி வேர்விட்ட பிறகு கொடுத்த எலிகளுக்கு இம்மியும் குறையவில்லை. புள்ளி குறைந்த எலிகளும் தப்பிவிடவில்லை. கொல்லாமல் விட்டுப் பார்த்த கூண்டில், மருந்து ஏறியவை மற்றவற்றைவிடச் சில நாள் பிந்திச் செத்தன, அவ்வளவுதான். இதையெல்லாம் தனி அத்தியாயமாக எழுதி, என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டியாக இருந்த பேராசிரியரிடம் கொண்டுபோனேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "நடக்காததை எதுக்கும்மா எழுதணும்? நடந்ததை எழுது. மத்ததை அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார். சரிங்க சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். எங்கள் ஊரில் நல்ல பெண் என்று பெயரெடுக்க அந்த இரண்டு வார்த்தை போதும்.

அந்த வருஷம் கல்லூரியில் கண்காட்சி வைத்தார்கள். என் மேசைக்கு முன்னால் ஒரு நிருபர் ஐந்து நிமிஷம் நின்றார். மறுநாள் பேப்பரில் என் படம். புற்றுநோய் பரவாமல் தடுக்கும் சீந்தில், கோவை மாணவி கண்டுபிடிப்பு என்று தலைப்பு. எலி என்ற சொல்லே அந்தச் செய்தியில் இல்லை. நான் மறுப்பு எழுதிப் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. ஏன் போடவில்லை? பிடித்திருந்தது, வேறென்ன. அப்பா அதை லேமினேட் செய்து, பட்டறையில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினார். வேலை கொண்டுவருகிறவர்கள் எல்லாம் அதைப் படித்துவிட்டு, "ஏனுங்க, நம்மூட்டு அம்மணிங்களா?" என்று உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். நான் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு அடக்கமாகச் சிரிப்பேன். அடக்கத்தைப் பாரேன்!

அதற்கப்புறம் மூன்று மாதம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கணபதிக்கு வந்த அக்கா, என்னைத் துவைக்கிற கல் பக்கம் கூட்டிக்கொண்டு போய், என் கையை எடுத்துத் தன் இடது மார்பின் மேல் வைத்தாள்.

"கறிவேப்பலைக் கட்டுத் தூக்கும்போது இடிச்சுக்கிட்டேன்னு நெனச்சேன். ரெண்டு மாசமா அப்படியே கெடக்குது கண்ணு" என்றாள்.

புளியங்கொட்டை அளவுக்கு இருந்தது. அழுத்தினால் நகரவில்லை. அடுத்த நாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சதை எடுத்துப் பார்த்தார்கள். புற்றுதான். டாக்டர் வயதானவர், சுற்றி வளைக்காமல் பேசினார். "இப்ப இங்க மட்டும்தான் இருக்கு. அக்குளுக்குக்கூடப் போகலை. உடனே எடுத்துட்டு, மருந்தும் கரண்டும் வெச்சா நல்லா வாழலாம். தள்ளிப்போடாதீங்க." கரண்டு வைப்பது என்றால் கதிர் சிகிச்சை. பஸ்ஸில் திரும்பும்போது அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து, "புள்ளைக்கு அஞ்சு வயசுதான் ஆகுது" என்று மட்டும் சொன்னாள். அக்காவுக்கு அப்போது முப்பத்தொன்று. உடனே எடுத்துவிட்டால் பிழைப்பாள். எனக்கு அது சந்தேகமில்லாமல் தெரியும்.

காரமடை வீட்டில் மூன்று நாள் பேச்சு நடந்தது. ஆபரேசன் பண்ணலாமா, வேண்டாமா. அக்காவின் மாமியாரை நானும் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் பழியைத் தூக்கி அவர் தலையில் போட்டுவிட்டு நான் நிம்மதியாக இருந்திருப்பேன். மருமகளைக் கட்டிலை விட்டு இறங்கவிடாமல், தானே மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, பேத்திக்குத் தலை பின்னி, நடுநடுவே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தவர்.

"ஏங்கண்ணு, உன்ர மருந்து பேப்பர்லயே வந்திருக்குது. ஊருச்சனமெல்லாம் அதைத் தேடுது. நம்மூட்டுப் புள்ளைக்குப் போயி கத்தி வெக்கோணுமா?" என்று என்னிடம் கேட்டார்.

"அது இன்னும் ஆராய்ச்சியிலதானுங்க அத்தை இருக்குது. எலிக்குத்தான் குடுத்துப் பார்த்திருக்கறோம்" என்றேன்.

"எலிக்கே கேட்டா மனுசனுக்குக் கேக்காதுங்களா அம்மணி?" என்றார் மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர்.

அப்போது சொல்லியிருக்க வேண்டும், எலிக்கே கேட்கவில்லை என்று. அந்த ஒரு வரியைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் பட்டறைச் சுவரில் அப்பா மாட்டியிருப்பது பொய்யாகிவிடும். பேராசிரியர் முகத்தில் எப்படி முழிப்பது என்று வேறு நினைத்தேன். கூடவே ஒரு குறுக்குப் புத்தியும் ஓடியது: அக்காவுக்கு இன்னும் பரவவில்லையே, பரவுவதைத்தானே இது கொஞ்சம் தடுக்கிறது, ஆபரேசனும் செய்து இதையும் குடித்தால் ஒன்றும் கெட்டுப்போகாது. அதனால், "ஆபரேசன் பண்ணுறதுதானுங்க நல்லது. மருந்து கூடவே குடிச்சுக்கலாம்" என்று பூசி மெழுகினேன். அக்கா இத்தனை நேரமும் கட்டிலில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கு என்னங்க தெரியும்? அவ என்ன சொல்றாளோ அதுதான்" என்றாள்.

முடிவு வராதபோது எங்கள் பக்கம் செய்வதையே அத்தையும் செய்தார். "சாமிகிட்டப் பூக் கேட்டுப்போடலாம்" என்றார்.

பூக் கேட்பது என்றால் இதுதான். வெள்ளரளி ஒன்று, செவ்வரளி ஒன்று. தனித்தனியாக வாழை இலைத் துண்டில் வைத்து, எது எதுவென்று தெரியாதபடி ஒரே மாதிரி நாரால் கட்டி, குலதெய்வத்தின் காலடியில் வைப்பார்கள். சின்னக் குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வருகிற நிறம்தான் சாமியின் பதில். பிரிக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, ஓடுகிற தண்ணீரில் விட்டுவிட வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு காரியத்தைச் செய்யலாமா என்று கேட்போம். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. நான் ஆராய்ச்சிக்குச் சேர்வதற்கே அப்பா அப்படித்தான் கேட்டார்.

திங்கட்கிழமை காலையில் கோயிலுக்குப் போனோம். மேட்டுக்காட்டில் ஒரு வேப்ப மரம், அடியில் மூன்று கல், தகரக் கூரை. அரளி பறித்து வைத்திருந்தார்கள். அத்தை என்னைக் கூப்பிட்டார். "நீயே கட்டிப்போடு அம்மணி. எங்க ஊட்டாளுங்க கட்டுனா மனசுல ஒண்ணை வெச்சுக்கிட்டுக் கட்டிப்போட்டாங்கன்னு பின்னால பேச்சு வரும். நீ படிச்சவ, உனக்குக் கள்ளம் தெரியாது" என்றார்.

பூத்தட்டை எடுத்துக்கொண்டு மரத்துக்குப் பின்னால் போனேன். எனக்கு அந்த நிமிஷம் மூளை பளிச்சென்று வேலை செய்தது, அதுதான் கேடு. மூன்று நாளாக வாயால் முடியாததைக் கையால் முடித்துவிடலாம். ஆபரேசன் பண்ணலாமா என்றுதானே மூன்று நாளாக இந்த வீடு கேட்டுக்கொண்டிருக்கிறது? வெள்ளை வந்தால் பண்ணலாம். இரண்டு பொட்டலத்திலும் வெள்ளரளியையே வைத்தேன். செவ்வரளியைக் கசக்கி வேருக்கடியில் மண்ணைத் தள்ளி மூடினேன். நாரை இறுக்கிக் கட்டும்போது கை நடுங்கவே இல்லை. எலி வாலில் ஊசி ஏற்றிப் பழகிய கை. மருந்தைப் பற்றிய உண்மையைச் சொல்லி யாரிடமும் தலை குனிய வேண்டியதில்லை, அக்காவும் பிழைத்துவிடுவாள், ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று மனதுக்குள் கொக்கரித்துக்கொண்டேன்.

பூசாரி பொட்டலங்களை வாங்கிச் சாமி காலடியில் வைத்தார். "என்ன கேக்கறீங்களோ, வாய்விட்டுக் கேளுங்க" என்றார்.

அத்தை முந்தானையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு முன்னால் போனார். கரகரத்த குரலில், "சாமி, எம் மருமகளுக்கு நோக்காடு வந்துபோச்சு. கத்தி வெச்சுத்தான் ஆகோணும்னா செவப்பைக் குடு. நம்ம அம்மணி கண்டுபுடிச்ச மருந்தே போதும்னா வெள்ளையைக் குடு" என்றார்.

கேள்வியே தலைகீழாகிவிட்டது. அட கடவுளே! கத்தி, ரத்தம், சிவப்பு. அவருக்கு அப்படித்தான் தோன்றும். எந்தத் தாய்க்கும் அப்படித்தான் தோன்றும். வெட்டுவதற்கு வெள்ளைப் பூவை யார் கேட்பார்கள்? எனக்கு மட்டும்தான் அது புலப்படவில்லை. எலிகளுக்கு எத்தனை முறை சோதனையைச் சரிபார்ப்பேன்! என் கூடப் பிறந்தவளுக்குக் கேள்வி என்னவென்று ஒருமுறை கேட்டுக்கொள்ளவில்லை.

பூசாரி கற்பூரம் காட்டி முடிக்கிற வரைக்கும் எனக்கு நேரம் இருந்தது. "நில்லுங்க அத்தை, கேள்வியை மாத்திக் கேளுங்க" என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பார்கள். பொட்டலத்தைப் பிரிப்பார்கள். சாமி காலடியில் வைத்ததில் கள்ளம் பண்ணினவள் என்று அந்தக் குடும்பத்துக்குத் தெரியும், ஊருக்குத் தெரியும், அக்கா அந்த வீட்டில் தலை நிமிர்ந்து இருக்க முடியாது. இப்படியெல்லாம் யோசித்தேன். யோசித்ததெல்லாம் அக்காவுக்காக என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டதுண்டு. அதெல்லாம் சும்மா. மானம் போய்விடுமே என்று பயந்தேன், அதுதான் உண்மை. வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தாய் என்று இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

அக்காவின் மகளை விட்டு எடுக்கச் சொன்னார்கள். அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு இடது பக்கத்தில் இருந்ததை எடுத்தாள். எதை எடுத்தால் என்ன? பூசாரி பிரித்தார். வெள்ளை. அத்தை "என்ர சாமி!" என்று மண்ணில் விழுந்து கும்பிட்டார். மாமா கன்னத்தில் போட்டுக்கொண்டார். பூசாரி அந்தப் பூவை அக்காவின் தலையில் வைத்து, பிரிக்காத பொட்டலத்தையும் திருநீற்றையும் அவள் மடியில் போட்டார். அக்கா திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். மூன்று நாளில் அவள் முகத்தில் அப்போதுதான் சிரிப்பைப் பார்த்தேன். மாலையில் மேட்டுப்பாளையம் போய் அந்தப் பொட்டலத்தைப் பவானியில் விட்டுவிட்டு வந்தார்கள். அதோடு என் கள்ளமும் தண்ணீரோடு போனது என்று நினைத்தேன்.

அடுத்த நாளே மாமாவைத் தனியாகத் தோட்டத்தில் பிடித்து, "எதுக்கும் ஆபரேசனையும் பண்ணீரலாமுங்க மாமா" என்றேன்.

மாமா கறிவேப்பிலைக் கட்டைக் கீழே வைத்துவிட்டு, "ஏனுங்க அம்மணி, உங்க மருந்து மேல உங்களுக்கே நம்பிக்கை இல்லீங்களா?" என்றார்.

"அப்படியெல்லாம் இல்லீங்க…"

"பொறவென்னங்க? சாமியும் சொல்லிப்போட்டாரு, பேப்பர்லயும் வந்துபோச்சு. நீங்க வெசனப்படாதீங்க" என்றார். கவலைப்படாதே என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுக் கட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் எல்லாவற்றையும்விடக் கேவலம். சாறு எப்படி எடுப்பது, எத்தனை வேளை, எவ்வளவு என்று அத்தைக்குச் சொல்லிக்கொடுத்தேன். எலிக்கு ஏற்றிய கணக்கில் மனுஷிக்குக் கொடுப்பதென்றால் தினம் எத்தனை சுமை கொடி வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்து, அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். அத்தை வேலி வேலியாகப் போய் வேம்பில் ஏறிய சீந்திலாகப் பார்த்து அறுத்துவருவார். இடித்துப் பிழிந்து காலை, மதியம், சாயங்காலம் ஒரு டம்ளர். அக்கா மூக்கைப் பிடித்துக்கொள்ளாமல் குடிப்பாள். முகம் கோணாது. "எம் பொறந்தவ மருந்து" என்று வருகிற போகிறவர்களிடம் சொல்வாள். நான் போகும்போதெல்லாம் கட்டியைத் தொட்டுப் பார்ப்பேன். புளியங்கொட்டை பாக்கானது. பாக்கு எலுமிச்சையானது. ஒவ்வொரு முறையும் சொல்லிவிட வேண்டும் என்று பஸ் ஏறுவேன். துடியலூர் தாண்டுவதற்குள் துணிச்சல் வடிந்துவிடும். "டாக்டர்கிட்ட ஒருக்காக் காட்டீரலாங்க்கா" என்பதோடு நின்றுகொள்வேன். "நீ இருக்கறப்ப எனக்கெதுக்குடி டாக்டரு?" என்று அவள் சிரிப்பாள்.

ஏழாவது மாதம் அக்குளில் நெறி கட்டியது. அடுத்து இருமல். அப்புறம் நாலு எட்டு நடந்தால் மூச்சு இரைத்தது. அப்போதுதான் வம்படியாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அதே டாக்டர். நெஞ்சு எக்ஸ்ரேயை வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். எலிக்குக் கறுப்பாகத் தெரிந்தது அக்காவுக்கு வெள்ளையாகத் தெரிந்தது. பாழாய்ப்போன பழக்கம், என்னையறியாமல் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண ஆரம்பித்துவிட்டேன். பன்னிரண்டு வரை எண்ணிவிட்டு அறைக்கு வெளியே வந்து சுவரில் தலையை முட்டிக்கொண்டேன். டாக்டர் திட்டவில்லை. "ஏம்மா, அப்பவே சொன்னேனே" என்றார், அவ்வளவுதான். வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்.

கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டுக் காரமடைக்கே போய்விட்டேன். அக்கா படுக்க முடியாது, படுத்தால் மூச்சு முட்டும். நாலு தலையணையை முதுகுக்கு வைத்து உட்கார்த்தி வைத்திருந்தோம். அத்தையின் நம்பிக்கை மட்டும் குறையவில்லை. சாமி சொன்னது பொய்க்காது, நாம் குடுக்கிற பக்குவத்தில்தான் ஏதோ குறை என்று புலம்பிக்கொண்டே மூன்று வேளையும் இடித்துப் பிழிந்துகொண்டிருந்தார்.

ஒரு மதியம் வீட்டில் யாருமில்லை. மாமா தோட்டத்தில். குழந்தை பள்ளிக்கூடத்தில். அத்தை பின்கட்டில் உரலில் இடிக்கும் சத்தம் கேட்டது. இனியும் சொல்லாவிட்டால் சொல்ல ஆளே இருக்க மாட்டாள் என்று தோன்றியது.

"அக்கா, ஒண்ணு சொல்லோணும். கோயில்ல பூக் கட்டுனது நான்தானே. ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளைதான் வெச்சேன்" என்றேன்.

அழுவாள், அல்லது அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் இமைக்கக்கூட இல்லை. "தெரியும்" என்றாள்.

அவள் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்.

"தண்ணியில உடறதுக்கு முன்னாடி ஆத்தங்கரையில வெச்சுப் பிரிச்சுப் பார்த்துப்போட்டேன். பிரிக்கக் கூடாதுன்னு தெரியும். மனசு கேக்கலை. பார்த்தா அதுலயும் வெள்ளை. அப்பத்தான் கண்ணு எனக்கு உசுரே வந்துச்சு. சாமியையே ஏமாத்தி இந்த மருந்தைக் குடிக்க வெக்கறான்னா, அது மேல இவளுக்கு எத்தனை நம்பிக்கை இருக்கோணும்னு நெனச்சேன். அத்தை சாமிய நம்பிக் குடுத்தாங்க. நான் உன்னைய நம்பிக் குடிச்சேன்."

"ஐயோ, இல்லக்கா. வெள்ளை வந்தா ஆபரேசன்னு நெனச்சுத்தான் வெச்சேன். அத்தை மாத்திக் கேட்டுப்போட்டாங்க. எனக்குச் சொல்ல வாய் வரலை" என்று அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

பின்கட்டில் உரல் சத்தம் நின்றது. "உன்ர எலியில ஒண்ணாவது பொழச்சுதா?" என்று கேட்டாள் அக்கா.

"இல்லக்கா."

அத்தை டம்ளரோடு உள்ளே வந்தார். "இந்தா கண்ணு, ஒரே மடக்காக் குடிச்சுப்போடு" என்று நீட்டினார். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அக்கா சொல்லியிருக்கலாம். சொன்னால் அத்தை அந்த இடத்திலேயே என்னை மயிரைப் பிடித்து வெளியே தள்ளியிருப்பார், தள்ளட்டும் என்றுதான் நானும் உட்கார்ந்திருந்தேன். அக்கா டம்ளரை இரண்டு கையாலும் வாங்கினாள். என் முகத்தைப் பார்த்தபடியே, இடையிடையே மூச்சுக்கு நிறுத்தி, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டு டம்ளரை அத்தையிடம் கொடுத்தாள்.

அதற்கப்புறம் அவள் பதினொரு நாள் இருந்தாள். தினம் மூன்று வேளையும் அப்படியே குடித்தாள். அத்தையிடம் ஒன்றும் சொல்லவில்லை. என்னிடம் பேசவும் இல்லை.